அப்பாவைத் தடுமாற வைத்த சிமுலேட்டர்

என் அப்பா லோரி ஓட்டுநர். கேமரன் மலையிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருவது அவருடைய வேலை. சாயங்காலம் பிரிஞ்சாங்கில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றுவார். ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து, நள்ளிரவு தாண்டி செலாயாங் வந்து சேர்வார். இருபத்தாறு ஆண்டுகளாக இப்படித்தான். தாப்பா மலைப்பாதையில் எந்த வளைவில் மழை நேரத்தில் தண்ணீர் வழிந்தோடும் என்பதைக்கூட அவர் மனப்பாடமாகச் சொல்வார். இதுவரை அவர் பெயரில் ஒரு விபத்தும் பதிவானதில்லை.

அப்படிப்பட்டவர், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே லோரியைச் சாலையோரத் திண்டின் மேல் ஏற்றிவிட்டார்.

2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நடந்த பேருந்து விபத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் அதில் உயிரிழந்தனர். நம் வயதுப் பிள்ளைகள். அதன் பிறகு கனரக வாகன ஓட்டுநர்களின் திறமை பற்றி நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. சில மாதங்கள் கழித்து, அப்பா வேலை செய்யும் நிறுவனமும் தன் ஓட்டுநர்கள் அனைவரையும் ஒரு பயிற்சி மையத்திற்கு அனுப்பியது. அங்கே ஒரு சிமுலேட்டரில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். கணினி மதிப்பெண் போடும்.

அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்ததும் சாப்பிடவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டார். மேசை மேல் ஒரு தாள் கிடந்தது. தடத்தில் ஓட்டுதல், பிரேக் பிடித்தல், வேகக் கட்டுப்பாடு ஆகிய மூன்றுக்கும் சிவப்பு நிறம். கீழே ‘மறுபயிற்சி தேவை’ என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது.

“லோரி ஓட்டத் தெரியலைன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டாங்கம்மா” என்றார் அப்பா. அவர் அப்படிக் குரல் தாழ்ந்து பேசி நான் கேட்டதில்லை.

தாளோடு விஷயம் முடியவில்லை. மறுபயிற்சி முடியும்வரை அவரை மலைப்பாதைக்கு அனுப்ப வேண்டாம் என்று தவுக்கே முடிவு செய்தார். இரவுப் பயணத்துக்கான அலவன்ஸ் நின்றது. அதே நாளில் அதே நாற்காலியில் உட்கார்ந்த இன்னோர் ஓட்டுநருக்கு வயது 24. லோரி ஓட்டத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. அவருக்கு எல்லாமே பச்சை.

“அவன் வீட்ல கேம் விளையாடுற பையன். எனக்கு அந்த ஸ்டேரிங்ல ஒண்ணுமே தெரியலை. லோரி ஓடுதா நிக்குதான்னே தெரியலை” என்றார் அப்பா.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உளவியல் மாணவி. அந்த அரையாண்டில்தான் புலனுணர்வு பற்றிய பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியம் என்னை உறுத்தியது. மறுநாள் விரிவுரையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மதிப்பெண் போடத் தொடங்குவதற்கு முன் உன் அப்பா அந்தக் கருவியில் எவ்வளவு நேரம் பழகினார்?”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். “பழகறதா? சீட்டைச் சரி பண்ணிக்கோங்க அங்கிள்னு சொன்னான். உடனே ஓட விட்டுட்டான்.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

ஆர்கன் பட்டறையில் பிறந்த கருவி

சிமுலேட்டர் என்றதும் அது கணினி யுகத்தின் பொருள் என்று நினைக்கிறோம். அதன் வரலாறு நூறு ஆண்டை நெருங்குகிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்ற இளைஞர் தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் வேலை செய்துவந்தார். அங்கே ஆர்கன் வாத்தியங்களும் தானியங்கிப் பியானோக்களும் தயாரிக்கப்பட்டன. அவற்றுக்குப் பயன்படும் காற்றுத் துருத்திகளைக் கொண்டே 1929இல் அவர் ஒரு பயிற்சிக் கருவியைச் செய்தார். பார்ப்பதற்குச் சிறிய விமானம் போல இருக்கும். தரையைவிட்டு எழும்பாது. உள்ளே இருப்பவர் விசையை அசைத்தால் அதற்கேற்பச் சாயும், திரும்பும்.

முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934இல் அமெரிக்க இராணுவ விமானப் படை அஞ்சல் சுமக்கும் பொறுப்பை ஏற்றபோது, மோசமான வானிலையில் பறந்த விமானிகள் பலர் சில வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் இராணுவம் 6 லிங்க் கருவிகளை வாங்கியது. அடுத்து வந்த இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் பயிற்சி பெற்றார்கள்.

ஆக, சிமுலேட்டரின் பயனில் எனக்குச் சந்தேகம் இல்லை. டயர் வெடிப்பது, பிரேக் செயலிழப்பது, மூடுபனியில் எதிரே வாகனம் வருவது போன்றவற்றை உண்மைச் சாலையில் ஒருவருக்குப் பழக்கிக் காட்ட முடியுமா? சிமுலேட்டரில் முடியும். யாருக்கும் காயம் ஏற்படாது. என் கேள்வி வேறு. ஒருவர் அதில் உட்கார்ந்த முதல் சில நிமிடங்களில் அந்தக் கருவி எதை அளக்கிறது?

கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல

வாகனம் ஓட்டும்போது நாம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவற்றிலுள்ள திரவம் காட்டிக்கொடுக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் உள்ள நுண்ணிய உறுப்புகள் நாம் முன்னால் விரைகிறோமா, வேகம் குறைகிறதா என்பதை உணரும். இவற்றோடு முதுகில் இருக்கை அழுத்துவது, கைக்கு வரும் ஸ்டீரிங்கின் அதிர்வு, எஞ்சின் சத்தம் எல்லாம் சேர்ந்துதான் ‘ஓட்டுதல்’ என்ற உணர்வைத் தருகின்றன.

அப்பாவின் லோரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய லோரியில் பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் லேசாகத் தாழும். பின்னாலிருந்து பாரம் தள்ளும். உடம்பு முன்னால் சாயும். எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்தே இன்னும் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவருடைய கால் முடிவு செய்கிறது. அவர் அதை யோசிப்பதில்லை. இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தில் கால் தானாகவே செய்கிறது.

அந்தப் பயிற்சி மையத்தில் இருந்தது அசையாத சிமுலேட்டர். மூன்று திரைகள், ஒரு ஸ்டீரிங், மிதிகள், ஓர் இருக்கை. பிரேக்கை அழுத்தினார். திரையில் சாலை மெதுவானது. உடம்பு சாயவில்லை, பாரம் தள்ளவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று கால் நினைத்தது, இன்னும் அழுத்தியது. கணினி அதைத் ‘திடீர் பிரேக்’ என்று பதிவு செய்து சிவப்புப் போட்டது.

வேகமும் அப்படித்தான். இத்தகைய சிமுலேட்டர்களில் வேகத்தை உடம்பு உணர்வதில்லை என்பதால், பலர் தாங்கள் நினைப்பதைவிட வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். இது ஆய்வாளர்களுக்கு நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம். திருப்பங்களில் சிக்கல் இன்னும் அதிகம். திரையில் உலகமே சுழல்கிறது. உட்காதோ ‘நீ அசையவே இல்லை’ என்கிறது. இந்த முரண்பாடுதான் தலைச்சுற்றலுக்கும் குமட்டலுக்கும் முக்கியக் காரணம் என்று 1975இல் ரீசன், பிராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். படகிலும் பேருந்திலும் வரும் மயக்கத்துக்கும் அவர்கள் இதே விளக்கத்தைத்தான் தந்தார்கள். அங்கே உடம்பு அசைகிறது, கண் அசைவைக் காண்பதில்லை. சிமுலேட்டரில் அது தலைகீழாக நடக்கிறது.

அனுபவம் அதிகம் என்றால் தடுமாற்றமும் அதிகம்

நான் படித்தவற்றுள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு பழைய ஆய்வு. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஒரு ஹெலிகாப்டர் சிமுலேட்டரைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதில் உட்கார்ந்தவர்களுக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தன. யாருக்கு அதிகம் வந்தது தெரியுமா? புதிய மாணவர்களுக்கு அல்ல. மில்லர், குட்சன் என்ற ஆய்வாளர்கள் 1960இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அனுபவமுள்ள பயிற்றுநர்களில் 60 விழுக்காட்டினருக்கு அந்த உபாதை இருந்தது. மாணவர்களில் 12 விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது.

காரணம் எளிது. உண்மையான ஹெலிகாப்டரை ஓட்டி ஓட்டிப் பழகிய உடம்பு, விசையை அசைத்தவுடன் ஒரு குறிப்பிட்ட உணர்வை எதிர்பார்க்கிறது. அந்த உணர்வு வராதபோது குழம்புகிறது. புதியவருக்கு அந்த எதிர்பார்ப்பே இல்லை. குழம்புவதற்கும் எதுவும் இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். பாடத்தை நான் படித்தது ஆங்கிலத்தில். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது தமிழில். ‘உட்காது’ என்ற சொல்லைச் சொன்னபோது அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். பயிற்றுநர்களின் கதையைச் சொன்னபோதுதான் முதன்முறையாகச் சிரித்தார். “அப்போ வாத்தியாருங்களுக்கே தலை சுத்தியிருக்கு!”

மூளை எப்படிப் பழகிக்கொள்கிறது?

நல்ல செய்தி என்னவென்றால், மனித மூளை பழகிக்கொள்ளும். 1890களில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர், உலகைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியை அணிந்துகொண்டு எட்டு நாள் வாழ்ந்து பார்த்தார். தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்கவே தடுமாறினார். நாள் செல்லச் செல்ல அவருடைய கையும் காலும் புதிய உலகத்துக்குப் பழகின. கண்ணாடியைக் கழற்றியபோது, சரியான உலகமே சிறிது நேரம் அவருக்கு விசித்திரமாகத் தெரிந்தது.

சிமுலேட்டரிலும் நடப்பது இதுதான். மூளை ஓர் ஊகத்தோடு கையை அசைக்கிறது. திரையில் தெரியும் விளைவு ஊகத்தோடு பொருந்தவில்லை. பிழையின் அளவைக் கணக்கிட்டு அடுத்த முறை சிறிது திருத்திக்கொள்கிறது. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் பிழை குறைகிறது. ஒரு கட்டத்தில் சமநிலைக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஓட்டுவதுதான் அந்த மனிதரின் உண்மையான ஓட்டுதல்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஐயோவா பல்கலைக்கழகத்தினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஸ்டீரிங்கைப் பிடித்து ஓட்டும் விதம் முதல் சில நிமிடங்களில் மாறிக்கொண்டே இருந்து பிறகு நிலைபெறுவதைக் கண்டார்கள். ஆனால் ஸ்டீரிங் மட்டுமே ஓட்டுதல் அல்லவே. பிரேக், வேகம், திருப்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பழக வேண்டும். குமட்டல் குறைய, பலருக்குச் சில நாள் இடைவெளியில் குறுகிய அமர்வுகளாகப் பலமுறை உட்கார வேண்டியிருக்கும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சஹாமி, சையது ஆகியோர் இந்தப் பழகும் கட்டத்தையே தனியாக ஆராய்ந்தார்கள். அவர்களின் கட்டுரைகள் 2009இலும் 2013இலும் வெளிவந்தன. எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்துவிட்டு ‘பழகியாயிற்று’ என்று நாமே முடிவு செய்வது சரியல்ல. ஒருவர் சீக்கிரம் பழகுவார், இன்னொருவர் தாமதமாகப் பழகுவார். அவருடைய ஓட்டுதல் நிலைபெற்றுவிட்டதா என்று பார்த்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் முடிவே தவறாகிவிடும். அவர்களின் ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

சந்தைத் தராசு

முழுமையாகப் பழகிய பிறகும் சிமுலேட்டர் சாலை ஆகிவிடாது. நெதர்லாந்து ஆய்வாளர் பிளாவ் 1982இல் ஒரே ஓட்டுநர்களை உண்மைக் காரிலும் அசையாத சிமுலேட்டரிலும் ஓட்டவைத்து ஒப்பிட்டார். தடத்தின் நடுவில் நேராக ஓட்டுவதில் சிமுலேட்டரில் தள்ளாட்டம் அதிகம் இருந்தது. ஆனால் சூழல் மாறும்போது ஏற்பட்ட மாற்றங்கள் இரண்டிலும் ஒரே திசையில் இருந்தன.

இதைப் புரிந்துகொள்ள நான் செலாயாங் சந்தைத் தராசை நினைத்துக்கொண்டேன். ஒரு தராசு எப்போதும் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த மூட்டை கனமானது என்று அதில் சரியாகச் சொல்லலாம். மூட்டையின் எடை இவ்வளவு என்று அடித்துச் சொல்ல முடியாது. பழகிய ஓட்டுநருக்குச் சிமுலேட்டர் அப்படிப்பட்ட தராசு. பழகாத ஓட்டுநருக்கோ அதுவும் இல்லை. முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே எடையைக் குறித்துக்கொள்வதைப் போன்றது அது. அப்பாவின் தாளில் இருந்த சிவப்பு, ஆடும் முள்ளைப் பார்த்து எழுதியது.

நானும் உட்கார்ந்து பார்த்தேன்

படித்ததை மட்டும் வைத்துப் பேசக்கூடாது என்று, எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூத்த மாணவர் ஒருவரின் ஆய்வுக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். எனக்கு ‘பி’ லைசென்ஸ் கிடைத்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பாவின் மைவியை எம்ஆர்ஆர்2 சாலையில் ஓட்டிய அனுபவம் உண்டு.

உட்காரும் முன்பே ஒரு படிவம் கொடுத்தார்கள். தலைவலி, கண் சோர்வு, வியர்வை, குமட்டல், தலைச்சுற்றல் என 16 அறிகுறிகள். ஒவ்வொன்றும் இருக்கிறதா, எந்த அளவுக்கு என்று குறிக்க வேண்டும். 1993இல் கென்னடி என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் கடற்படை விமானிகளிடம் திரட்டிய தகவலிலிருந்து உருவாக்கிய படிவம் இது. இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. அப்பாவுக்கு யாரும் இப்படி எதையும் கேட்கவில்லை.

முதலில் வளைவே இல்லாத சாலை. மதிப்பெண் கிடையாது. அதிலேயே நான் பாம்பு போல இடமும் வலமுமாகப் போனேன். ஸ்டீரிங்கைத் தேவைக்கு மேல் திருப்புவது, பிறகு பதறி எதிர்ப்பக்கம் திருப்புவது. கொஞ்ச நேரத்தில் கை அடங்கியது. அடுத்து மெதுவான வளைவுகள். அதன் பிறகு நிறுத்தக் கோட்டில் நிற்கும் பயிற்சி. முதல் முறை கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றேன், இரண்டாம் முறை கோட்டைத் தாண்டினேன், நான்காம் முறை சரியாக நின்றது. சாலைச் சந்திப்புகளைக் கடைசியாகத்தான் தந்தார்கள். மூன்றாவது திருப்பத்தில் வயிற்றைப் புரட்டியது. உடனே நிறுத்தி, அறை விளக்கைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் உட்கார வைத்தார்கள். ‘முடியாவிட்டால் விட்டுவிடலாம், அது உங்கள் குறையல்ல’ என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையே பாதித் தலைச்சுற்றலைக் குறைத்தது.

முடித்து வெளியே வந்தபோது தாழ்வாரத்தின் தரை லேசாக மிதப்பது போல் இருந்தது. உடனே வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கேண்டீனில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அன்று அப்பா தலைச்சுற்றலோடு பயிற்சி மையத்திலிருந்து செலாயாங்வரை மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார்.

இரண்டாவது வாய்ப்பு

அப்பா தவுக்கேயிடம் பேசினார். நான் மலாய் மொழியில் அரைப் பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண்ணை மாற்றச் சொல்லி அதில் கேட்கவில்லை. மதிப்பெண் போடும் முன் இருபது நிமிடம் பழக விடுங்கள், நடுவே ஓய்வு கொடுங்கள், எளிய சாலையில் தொடங்குங்கள் என்று மட்டும் கேட்டோம். தவுக்கே கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மையத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

அங்கிருந்த இளம் பயிற்றுநரைக் குறை சொல்லி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளில் இத்தனை பேரை முடிக்க வேண்டும் என்று அவருக்குக் கொடுத்த அட்டவணை அப்படி. அவரே அப்பாவிடம், “அங்கிள், பலருக்கு முதல் தடவை இப்படித்தான் ஆகிறது” என்று சொன்னாராம்.

இரண்டாவது முறை அப்பா பழகிவிட்டு ஓட்டினார். தடத்தில் ஓட்டுதல் பச்சை. வேகக் கட்டுப்பாடு பச்சை. பிரேக் மஞ்சள். ஆனால் இந்த முறை முன்பு இல்லாத ஒரு சிவப்பும் வந்தது. இடப்பக்கம் திரும்பும் ஒரு சந்திப்பில், லோரிக்கும் திண்டுக்கும் இடையே ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்தது. அப்பா இடக் கண்ணாடியை ஒருமுறைதான் பார்த்திருந்தார். திரையில் அந்த மோட்டார் சைக்கிள் லோரியில் உரசியது.

எனக்கு மனம் கொஞ்சம் சுருங்கியது. கருவிமீதுதான் தவறு என்று அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. “இது நெஜம்மா. சந்தைக்குள்ள திரும்புறப்ப நான் ஒரு தடவைதான் பார்ப்பேன். இத்தனை வருஷமா எவனும் வரலை, அவ்வளவுதான்” என்றார்.

நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். அந்த ஒரு சிவப்பு ஒருவரின் உயிரைக் காப்பாற்றக்கூடிய சிவப்பு. முதல் தாளில் அது வரவே இல்லை. பழகாத தடுமாற்றம் எல்லாவற்றையும் சிவப்பாக்கியபோது, உண்மையான குறை அதற்குள் மறைந்துபோயிருந்தது. பழக நேரம் கொடுப்பதை ஓட்டுநருக்குக் காட்டும் சலுகை என்று சிலர் நினைக்கலாம். அந்த நேரம் கொடுத்த பிறகுதான் அப்பாவின் உண்மையான குறை வெளியே வந்தது.

அப்பா மீண்டும் மலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். இடையில் போன இரண்டு வார அலவன்ஸ் திரும்பி வரவில்லை.

இது நமக்கும் வரும்

இது லோரி ஓட்டுநர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அண்டை நாடான சிங்கப்பூரில் 2019 டிசம்பரிலிருந்து கார், மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்பவர்களுக்குச் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் 2021 ஜூலை முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டர் இருக்க வேண்டும். இங்கே நாம் கேபிபி கணினித் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியான விடை அளித்து, அதன் பிறகு நேராகக் காரில் ஏறுகிறோம். நாளை உங்கள் தம்பி தங்கைகள் ஒரு திரையின் முன் உட்கார்ந்த பிறகு காரில் ஏறலாம். நீங்களே விமானியாகவோ இரயில் ஓட்டுநராகவோ ஆகும் கனவில் இருக்கலாம். அங்கும் சிமுலேட்டர்தான் முதல் வகுப்பறை.

அப்படி உட்காரும் நாள் வந்தால், என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்:

வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்தால் வேறு நாள் கேளுங்கள்.

‘மதிப்பெண் எப்போது தொடங்கும்?’ என்று முதலிலேயே கேளுங்கள். அதற்கு முன் பழகும் நேரம் உண்டா என்பதையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நேர்ச்சாலையில் தொடங்குங்கள். பக்கத்தில் உள்ளதைப் பார்க்காமல் தூரத்தில் பார்வையை வையுங்கள். சில முறை பிரேக் பிடித்து நின்று பாருங்கள். சந்திப்புகளும் கூர்மையான திருப்பங்களும் கடைசியில் வரட்டும்.

குமட்டல் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். நிறுத்துங்கள். முடிந்ததும் உடனே மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டாதீர்கள்.

வீட்டில் கேம் விளையாடிப் பழகியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிமுலேட்டரில் உங்களுக்கு எல்லாம் பச்சையாக வரலாம். அது திரைக்குப் பழகிய கை. பாரம் பின்னால் தள்ளும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாப்பா மலைப்பாதைதான் கற்றுக்கொடுக்கும்.

சென்ற மாதம் விடுமுறையில் ஓர் இரவு அப்பாவோடு லோரியில் வந்தேன். அதிகாலை இரண்டு மணிக்கும் செலாயாங் சந்தை வாசலில் நெரிசல். இடப்பக்கம் திரும்பும் முன் அப்பா கண்ணாடியைப் பார்த்தார். திரும்பத் தொடங்கியதும் இன்னொரு முறை பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையில்தான், கூடைகளைக் கட்டிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் இடப்பக்கம் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. அப்பா நின்று வழிவிட்டார். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒருநாள் சிவப்பு மதிப்பெண் தாளோடு வரலாம். அப்பாவாக இருக்கலாம், புதிய மென்பொருளில் தடுமாறும் அம்மாவாக இருக்கலாம், முதன்முறை கணினியில் தேர்வு எழுதிய தம்பியாக இருக்கலாம். ‘ஏன் தெரியவில்லை?’ என்று கேட்பதற்கு முன், என் விரிவுரையாளர் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: பழகுவதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?